எல்லாரையும் கூப்பிட்ட நகரம்

சுபானியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஜெர்மனியில் காய்ச்சலோ கண்நோவோ வந்து மருந்து வாங்கியவராக இருந்தால் அவள் வரைந்த கைகளைப் பார்த்திருக்கக்கூடும். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு கடதாசி வைத்திருப்பார்கள். போத்தல் மூடியை எப்படி அழுத்தித் திருகுவது, கண்ணுக்குள் எப்படிச் சொட்டு விடுவது என்று அதில் சின்னச் சின்னக் கைகள் காட்டிக்கொண்டிருக்கும். ஒருவருக்கும் சொந்தமில்லாமல் மணிக்கட்டோடு முடிந்துபோகும் கைகள். படித்து முடித்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. ஒழுங்கான சம்பளம், ஒழுங்கான விடுமுறை. ஆனால் அதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் உயிர் போய்விடும்.

"என்ன வேலை செய்யிறீர், பிள்ளை?"

"கை கீறுறன் மாமா."

"அப்ப மிச்ச ஆளை ஆர் கீறுறது?"

இந்தக் கேள்வியை யாரோ ஒருவர் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்பார். அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் நிலக்சி, சுபானியின் சின்னம்மாவின் மகள். இரண்டு பேரும் வூப்பர்டால் நகரத்தில் பிறந்தோம், ஒரே பாடசாலையில் படித்தோம், ஒரே ஆசிரியையிடம் ஏச்சு வாங்கினோம். நான் ஒரு மருத்துவக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மூக்குக் கண்ணாடிக்கு ஏன் காசு தர முடியாது என்று நாள் முழுக்க ஆட்களுக்குச் சொல்வதுதான் என் தொழில். அதனால் என் பொறுமை குறைவு, வாய் நீளம். இந்தக் கதையை அந்த வாய்தான் சொல்லப்போகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி மாதம் ஒரு காலை அவள் ரயிலுக்குள் இருந்து அழைத்தாள். எங்கள் ஊர் ரயில் தரையில் ஓடாது, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும். அதற்குள் யாரும் பெரிதாகச் சத்தம் போடமாட்டார்கள். இவள் போட்டாள்.

"நடுப்பக்கம் நிலக்சி. நடுப்பக்கம் தந்திருக்கிறாங்கள்."

"என்ன நடுப்பக்கம்? முதல்ல மூச்சு விடு."

விசயம் இதுதான். ரயிலில் பிடித்துக்கொண்டு நிற்கும் பயணிகளின் கைகளை அவள் பொழுதுபோக்காக வரைந்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஹம்பேர்க்கில் இருந்து வரும் ஒரு மாதச் சஞ்சிகையின் ஓவியப் பொறுப்பாளர் எமில் அதைப் பார்த்திருக்கிறார். ஆனி இதழின் நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம் வேண்டுமாம். எல்லாரும் குடியிருக்க ஆசைப்படும் ஒரு கனவு நகரம். கீழே அவள் பெயர் வரும். மருந்துப் பெட்டிக்குள் பெயரில்லாமல் மடிந்து கிடந்தவளுக்கு இரண்டு முழுப்பக்கம். நான் அலுவலகத்தில் கதிரையை விட்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எதிரே கண்ணாடிக்குக் காசு கேட்டு வந்திருந்த மனிதர் தனக்குத்தான் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்தார்.

எமில் தொழில் சட்டம் ஒன்றைச் சொல்லியிருந்தார். நடு மடிப்புக்குள் எதையும் வைக்கக் கூடாது, அங்கே வைப்பதை மடிப்பு விழுங்கிவிடும். அதனால் சுபானி முதலில் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கால்வாயை ஓடவிட்டாள். தண்ணீரை மடிப்பு விழுங்கினால் யாருக்கு நட்டம். பிறகு கரை இரண்டிலும் நகரத்தைக் கட்டினாள். கூரையெல்லாம் தோட்டம், மாடிக்கு மாடி பாலம், பாலத்தில் சைக்கிள், வானத்தில் தொங்கு ரயில். பறக்கும் ரயில் பழைய கற்பனை, வேறு ஏதாவது யோசியுங்கள் என்று எமில் எழுதினார். அந்தக் கற்பனையை என் கணவர்தான் ஓட்டுகிறார் என்று இவள் பதில் எழுதினாள். அது உண்மை. அவள் கணவன் ஐங்கரன் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலின் சாரதி.

முதல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எமில் தொலைபேசியில் வந்தார்.

"மிக அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே யார் இருக்கிறார்கள்?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். அவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு குருவிகூட இல்லை. தீப்பிடித்தது என்று மணி அடித்து எல்லாரையும் வெளியேற்றிய மாதிரி இருந்தது. அடுத்த வியாழனுக்குள் ஆட்களைக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கைவசம் இருக்கும் வேறொருவரின் படத்தைப் போட்டுவிடுவோம் என்று எமில் மரியாதையாகச் சொன்னார். ஜெர்மன்காரரின் மரியாதை எனக்குத் தெரியும். நானும் தினமும் அதே மரியாதையோடுதான் இல்லை என்று சொல்கிறேன்.

சுபானி சமையலறை மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். "எனக்கு முகம் கீற வராது நிலக்சி. கை மட்டும்தான் வரும். இது போனால் நான் சாகும்வரைக்கும் மூடி திருகிக்கொண்டுதான் இருக்கவேணும்."

"தெரிஞ்ச முகத்தைக் கீறன்" என்றேன். "முதல் உன்ர மனுசனைக் கீறு."

ஐங்கரன் பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் எதையாவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். அவனை அப்படியே புட்டுக் கோப்பையோடு ஒரு பாலத்தில் இருத்தினாள். பார்த்தால் அச்சாக ஐங்கரன். பிறகு என்னை ஒரு கூரைத் தோட்டத்தில் வாயைத் திறந்தபடி வரைந்தாள். அந்த வாயைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு பேர் வந்து நின்றதும் அந்த நகரத்தில் விளக்கு எரிந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் கன்னம் சிவந்துபோய் அடுத்தது யார், அடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது யார் என்று அவள் கேட்டிருக்கத் தேவையில்லை. சுபானியின் அம்மா, என் பெரியம்மா மகாதேவி, அந்தப் படத்தைத் தன் கைத்தொலைபேசியில் எடுத்துத் தமிழ்ச் சங்க மகளிரணிக் குழுவில் போட்டுவிட்டார். "மகள் நகரம் கட்டுறா, ஆக்கள் தேவை" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, கலியாணம் கட்டிய எவருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டு மற்ற வீட்டுக்குச் சொல்லாமல் விட முடியாது. அக்காவுக்குச் சொன்னால் தங்கச்சிக்குச் சொல்லவேண்டும், தங்கச்சிக்குச் சொன்னால் தங்கச்சியின் மாமியாருக்குச் சொல்லவேண்டும், மாமியாருக்குச் சொன்னால் அவர் கோயிலுக்கு ஏறிவரும் வாகனத்துக்குச் சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டும். விட்டால் ஏழு தலைமுறைக்கு நினைவில் வைத்திருப்பார்கள். சுபானி கனவு நகரத்தையும் அந்த வழக்கப்படிதான் கட்டவேண்டி வந்தது. இரண்டு நாள் தொலைபேசி ஓயவில்லை.

கொலோனில் இருந்து ஒரு அக்கா தன்னைப் பத்துக் கிலோ குறைத்துக் கீறச் சொன்னார். "கற்பனை நகரம்தானே பிள்ளை, உமக்கென்ன நட்டம்." இன்னொருவர் தன் புதுக் காரோடு நிற்கவேண்டும் என்றார். அந்த நகரத்தில் கார் கிடையாது என்றதும், "அப்ப நான் எப்பிடி அங்க வாறது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். தமிழ்ச் சங்கத் தலைவர் விஜயரத்தினம் அண்ணை திறப்புரை ஆற்றும் நிலையில் ஒலிவாங்கியோடு வேண்டும் என்றார். சுபானி அவருக்கு ஒலிவாங்கி கொடுத்தாள், அதன் வயர் எங்கும் செருகப்படாமல் கால்வாய்த் தண்ணீரில் தொங்கியது. வெளிநாட்டவர் அலுவலகத்தை அவள் ஒரு படகுக்குள் வைத்தாள். கதவு திறந்திருக்கிறது, டேர்மின் என்ற முன்பதிவு எடுக்காமலே ஆட்கள் ஏறுகிறார்கள், உள்ளே ஒரு பெண் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறாள். அதைப் பார்த்த எங்கள் ஆட்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள். சிலர் சிரித்து முடித்தபிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, என் அம்மா வரும்வரைக்கும்.

இங்கே ஒரு பழைய சங்கதி சொல்லவேண்டும். என் அம்மா தவமலரும் பெரியம்மா மகாதேவியும் கூடப்பிறந்தவர்கள். ஒரே ஊரில், ஒரே தொங்கு ரயில் பாதையில் இரண்டு தரிப்புத் தள்ளி இருக்கிறார்கள். ஏழு வருடமாகப் பேசுவதில்லை. காரணம் ஒரு படம்.

சுபானியின் கலியாணத்தில் மணவறையில் குடும்பப் படம் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து என் அம்மா பலகாரப் பெட்டி எடுக்கக் கார் தரிப்பிடத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து மண்டப வாசலில் நின்றபோது படம் பிடிக்கிறார்கள். பெரியம்மா பார்த்தார், ஆனால் கூப்பிடவில்லை. படம் முடிந்தது. பிறகு அதைச் சுவரளவுக்குப் பெருப்பித்துப் பெரியம்மா வீட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வீடியோக்காரரின் தம்பிகூட அதில் ஓரமாக நிற்கிறார். என் அம்மா இல்லை.

"ஒரு கை காட்டிக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பன்" என்பது என் அம்மாவின் கட்சி. "கூடப்பிறந்தவளைக் கூப்பிட வேணுமோ? பிறத்தியாரைத்தானே கூப்பிடுறது" என்பது பெரியம்மாவின் கட்சி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதுதான் பெரிய கரைச்சல். ஒரு பக்கம் பிழையாக இருந்திருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும்.

இப்போது பெரியம்மா நகரத்துக்குள் போய்விட்டார், பச்சைச் சேலை, வீட்டு வாசல். "சாப்பிடக் கூப்பிடுற மாதிரிக் கீறு" என்று நின்று காட்டினார். வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களைத் தன் பக்கம் அசைத்து. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கை அது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"தவத்தையும் கீறுறதெண்டால் கீறு. நான் நிக்கிற பக்கம் அவ நிக்கப்படாது."

என் அம்மா என்னூடாகச் செய்தி அனுப்பினார். "என்னையும் கீறச் சொல்லு. சும்மா நிக்கிற மாதிரி. நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை, என்னையும் ஒருத்தரும் கூப்பிட வேண்டாம். அவவுக்கு எவ்வளவு தூரத்தில ஏலுமோ அவ்வளவு தூரத்தில."

"ரெண்டு பேரையும் விடு" என்றேன் நான். "வியாழன் வரப்போகுது. உன்ர பெயர் முக்கியமோ, இவையளின்ர சண்டை முக்கியமோ?"

சுபானி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒருக்கா ஒரு படத்தில ஒராளை விட்டது காணும். இதில ரெண்டு பேரும் நிக்கவேணும். இல்லாட்டில் இது நகரமில்லை, அந்தச் சுவர்ப்படம்தான்."

இரண்டு கீழ் மூலைகளிலும் முன்னுக்குப் பெரிதாக இரண்டு வாசல்களை வரைந்தாள். இடது பக்கத்தின் இடது ஓரத்தில் பெரியம்மா. வலது பக்கத்தின் வலது ஓரத்தில் என் அம்மா. இடையில் முழு நகரமும் கால்வாயும். முகம் இரண்டும் பெருவிரல் நகம் அளவு, ஒரே உயரம். ஓரத்தில் இருந்து இரண்டும் ஒரே தூரம். ஒருவர் ஒரு நூல் மேலே நின்றாலும் பிறகு கதை வரும் என்று அடிமட்டம் வைத்து அளந்தாள். முகங்களும் பக்கவாட்டில் திரும்பக் கூடாது, திரும்பினால் ஒருவர் மற்றவரைப் பார்க்கிறார் என்று ஆகிவிடும். அதனால் இரண்டு பேரும் நேரே வாசகரைப் பார்த்தார்கள்.

பிறகு இரண்டு அம்மாக்களுக்கும் தனித்தனியாகச் சமாதானம் சொன்னாள். இடது பக்கம்தான் ஆரம்பம், கதை உங்களில் இருந்துதான் தொடங்குது என்று பெரியம்மாவுக்கு. வலது பக்கத்தில்தான் கண் முதலில் விழும், விளம்பரக்காரரும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்று என் அம்மாவுக்கு. இரண்டும் உண்மை. இரண்டு பேரும் தாங்கள்தான் வென்றது என்று நினைத்துக்கொண்டு நன்றாக நித்திரை கொண்டார்கள்.

வியாழன் மத்தியானம் சுபானி வீட்டுச் சமையலறையில் கணினிக்கு முன்னால் அவளும் நானும் இருந்தோம். ஐங்கரன் பின்னால் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு நின்றான். திரையில் எமில் வந்தார். படத்தைத் திறந்தார். பிறகு மூக்கைத் திரைக்குள் விட்டபடி சிரிக்கத் தொடங்கினார்.

"யார் இந்த மனிதர், ஒலிவாங்கி தண்ணீருக்குள் கிடக்கிறதே? அலுவலகம் படகிலா? நான் இங்கே வீடு எடுக்க யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது?"

சுபானி மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். சந்தோசத்தில் கிள்ளினால் நோகாது என்பது பொய்.

"ஒன்றே ஒன்று" என்றார் எமில். "இடது மூலையில் பச்சை உடுப்போடு ஒரு அம்மா நிற்கிறார். அவர் ஏன் ஆட்களைத் துரத்துகிறார்?"

"துரத்தவில்லை. கூப்பிடுகிறார்."

"உள்ளங்கை கீழே இருக்கிறதே. அது 'போ' என்றுதான் எங்களுக்குப் படும். கையைத் திருப்பி உள்ளங்கை மேலே வரட்டும், விரலை மடக்கட்டும். உங்களுக்குச் சின்ன வேலைதானே."

சின்ன வேலைதான். கை வரைவதில் இந்த நாட்டில் அவளை மிஞ்ச ஆள் குறைவு. யாருக்கும் பிழையாக விளங்காத கையை வரைந்து கொடுத்துத்தான் இவ்வளவு காலமும் சம்பளம் எடுத்திருக்கிறாள். நானும் செய்துவிட்டுப் போ என்று கண்ணால் சொன்னேன். அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"மாற்ற மாட்டேன்."

எமில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வாசகர்கள் ஜெர்மன்காரர்கள், சுபானி. கனவு நகரத்தின் வாசலில் ஒருவர் நின்று போ போ என்றால் நான் ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? அந்த மற்றப் படம் இருக்கிறது. எனக்கு அது விருப்பமில்லை, ஆனால் இருக்கிறது."

"அப்படி விரலை மடக்கி என் அம்மா ஒரு பூனையைக்கூடக் கூப்பிட்டதில்லை" என்றாள் சுபானி. "அந்தக் கையைத் திருப்பினால் அது அவருடைய கை இல்லை. மருந்துக் கடதாசிக் கை. அதை நான் நிறைய வரைந்துவிட்டேன்."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும், தலையில் குட்டவும் வேண்டும் போலிருந்தது. வாங்கிய நடுப்பக்கத்தை ஒரு உள்ளங்கைக்காகக் கையால் தள்ளிவிடுகிறாள். ஐங்கரன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். விசயம் எவ்வளவு பாரதூரம் என்று அதை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

"எமில்" என்றாள் சுபானி, "ஒரு உதவி. எழுந்து அறையின் கடைசிக்குப் போங்கள்."

அவர் விளங்காமல் எழுந்து போய்ப் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். சுபானி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வலது கையை நீட்டினாள், உள்ளங்கை கீழே, விரல்கள் அசைந்தன. நானும் நீட்டினேன். ஐங்கரன் சொதி ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எங்களுக்கு மேலால் நீட்டினான். மூன்று கைகள் ஹம்பேர்க்கை நோக்கி அசைந்தன.

எமில் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அடி வைத்தார். பிறகு இன்னொன்று. திரைக்குக் கிட்ட வந்து குனிந்தபோதுதான் தான் வந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

"வந்துவிட்டீர்களே" என்றாள் சுபானி.

அவர் கதிரையில் விழுந்து சிரித்தார். "கை இருக்கட்டும். ஆசிரியர் கேட்டால் அவரையும் எழுந்து நிற்கவைக்கிறேன்."

கணினியை மூடியதும் நாங்கள் மூன்று பேரும் சமையலறையைச் சுற்றி ஆடினோம். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் கூரையைத் தட்டினாள். அவளையும் படத்தில் போட்டிருக்கலாம் என்று சுபானி கவலைப்பட்டாள்.

ஆனி இதழ் வந்த கிழமைதான் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். நல்ல வெயில். கோயிலுக்குக் கிட்ட ஓடும் கால்வாயின் கரையெல்லாம் சனம், மோர்ப் பந்தலில் வரிசை, காவடி ஒரு பக்கம், ஐஸ்கிறீம் வான் ஒரு பக்கம். அந்த வருடம் புதிதாக ஒரு காட்சி. விஜயரத்தினம் அண்ணை கடை கடையாக ஏறிச் சஞ்சிகையைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து விநியோகித்துவிட்டார். சேலை கட்டிய பெண்களும் வேட்டி கட்டிய ஆண்களும் மர நிழலில் நின்று நடுப்பக்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கை? நான் எங்கை?"

"வாய்க்கால் ஓரம் பாருங்கோ, வாழைக்குக் கீழ."

"ஐயோ, நான் எவ்வளவு மெலிவு." இது கொலோன் அக்கா. அவர் கண்ட எல்லாரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு, அந்தத் துணிவில் இரண்டாவது ஐஸ்கிறீம் வாங்கினார். விஜயரத்தினம் அண்ணைக்கு இன்னும் வயர் கண்ணில் படவில்லை. சுபானி நடந்து போனால் ஆட்கள் வழிவிட்டார்கள். "இவதான் எங்களை எல்லாம் கீறினவ" என்றார்கள். மிச்ச ஆளை ஆர் கீறுறது என்று கேட்ட மாமாவும் வந்து, தன் மூக்கு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று முறைப்பட்டார். அவள் முகத்தில் இருந்த பூரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "பொட்டு எங்கையடி?"

"கீறினனான் அம்மா. அச்சில விழேல்லை."

"பொட்டில்லாமல் ஊருக்கு முன்னால நிக்கிறன்." அர்ச்சனைத் தட்டில் சந்தனத்தோடு ஈரமாகக் குழைந்து கிடந்த குங்குமத்தை விரலால் எடுத்தார். படத்தில் தன் நெற்றியில் தாராளமாக வைத்தார். "இப்பதான் இது நான்." சஞ்சிகையைப் படக்கென்று மூடி என்னிடம் தந்தார். "இதைப் பிடிச்சிரு. நான் சோத்துப் பந்தலுக்குப் போறன்."

நான் அதைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். சுபானியும் கூட வந்தாள். என் அம்மா அங்கே குடைக்குக் கீழே தனியாக நின்றார். அதுவரை அவர் அந்தச் சஞ்சிகையைக் கையால் தொடவில்லை. ஆளுக்கு ஆள் கொண்டுவந்து காட்டியும், பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம் என்று தட்டிக் கழித்துவிட்டார். பார்க்க ஆசையில்லாமல் அல்ல. இந்தப் படத்திலும் தான் விடுபட்டுப் போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம். அது எனக்குத் தெரியும்.

"நிக்கிறியள் அம்மா. நல்ல வடிவா நிக்கிறியள். பாருங்கோ."

விரித்தார். வலது மூலைக்குத்தான் முதலில் கண் போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஆர் எனக்குப் பொட்டு வைச்சது?"

நானும் சுபானியும் குனிந்து பார்த்தோம். என் அம்மாவின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே, ஈரக் குங்குமத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. சஞ்சிகையை மூடினால் இடது பக்கம் வலது பக்கத்தின்மேல் கவிழும். ஓரம் ஓரத்தில் படும். ஒரே உயரத்தில் ஒரே தூரத்தில் நிற்கும் இரண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்வார்கள். ஒருவருக்கும் குறை வரக்கூடாது என்று அடிமட்டம் வைத்து அளந்தவள், புத்தகத்தை மூடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. நடுப்பக்கத்தில் எவ்வளவு தூரமாகப் பிரித்து வைத்தாளோ, அவ்வளவு சரியாகச் சேர்த்து வைத்துவிட்டாள். சுபானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியம்மாவின்ர புத்தகம் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா மூடினார். திறந்தார். திரும்பவும் மெதுவாக மூடி, இரண்டு ஓரங்களும் எப்படிப் படுகின்றன என்று பார்த்தார். பிறகு திறந்து, முதல் தடவையாக இடது மூலையைப் பார்த்தார்.

"இவ என்ன செய்யிறா?"

"சாப்பிடக் கூப்பிடுறா சின்னம்மா" என்றாள் சுபானி.

"ஆரை?"

"எல்லாரையும்தான்."

அம்மா தலையை நிமிர்த்தினார். கரையில் இருந்து கொஞ்சம் தள்ளிச் சோற்றுப் பந்தல் வாசலில் பெரியம்மா நின்றார். அதே பச்சைச் சேலை. வலது கை முன்னால் நீட்டியிருந்தது, உள்ளங்கை கீழே, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கமாகத்தான். நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் மோர் வரிசையில் ஐங்கரன் நின்றான். சுபானியும் அவனைக் கண்டுவிட்டாள். இரண்டு பேரும் அம்மாவுக்கு அதைச் சொல்லவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அம்மா குடையை மடக்கி என்னிடம் தந்தார். சஞ்சிகையைத் தரவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சனத்துக்குள் நடந்தார், முதலில் மெதுவாக, பிறகு சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக. ஓடி வந்திருப்பன் என்று ஏழு வருடமாகச் சொன்னவர் உண்மையாகவே ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பந்தல் வாசலில் போய் மூச்சு வாங்க நின்றார்.

"கூப்பிட்டனியோ அக்கா?"

பெரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. தங்கச்சியைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலால், கோப்பையோடு விரைந்து வந்துகொண்டிருந்த மருமகனைப் பார்த்தார். திரும்பத் தங்கச்சியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன். வா, சோறு ஆறுது."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். ஐங்கரன் அப்போதுதான் வந்து சேர்ந்தான்.

"மாமி, என்னையோ கூப்பிட்டனியள்?"

"இல்லைத் தம்பி" என்றார் பெரியம்மா, திரும்பிப் பார்க்காமல். "நீர் பிறகு வாரும்."